715 என்ற எண்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் உடல்நலப் பரிசோதனை ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு முழு உடல்நலப் பரிசோதனை இருக்கிறது. செலவை மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது, பெரும்பாலான இடங்களில் நோயாளி ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பத்துப் பேரில் மூன்று பேர்கூட அதைச் செய்துகொள்வதில்லை என்று அவ்வப்போது செய்தி வரும், கூடவே மாநில வாரியாக ஒரு வரைபடமும் வரும். அதில் குவீன்ஸ்லாந்தும் நார்தர்ன் டெரிட்டரியும் அடர்ந்த நிறத்தில் இருக்கும், டாஸ்மேனியா வெளிறிக் கிடக்கும்.

இதைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. இலவசமாகக் கிடைப்பதை ஏன் இவர்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை? அப்புறம், தெருவுக்குத் தெரு கிளினிக் இருக்கிற சிட்னியிலும் மெல்போர்னிலும் விகிதம் குறைவாகவும், பக்கத்து ஊருக்கே பல மணி நேரம் வண்டியில் போக வேண்டிய உள்நாட்டுப் பாலைவனத்தில் அதிகமாகவும் இருப்பது எப்படி? இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் போனால் முதல் கேள்வியே ஆள் மாறி விழுந்திருக்கிறது என்று தெரியவரும். நோயாளிகளைப் பார்த்துக் கேட்பதை, அந்தப் பரிசோதனையைக் கொடுக்க வேண்டியவர்களைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

715 என்றால் என்ன?

மெடிக்கேரில் ஒவ்வொரு மருத்துவச் சேவைக்கும் ஒரு எண் உண்டு. மருத்துவர் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அரசிடம் பணம் பெறுவார். பூர்வகுடிகளின் இரு பிரிவினரான அபோரிஜினல் மக்களுக்கும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்குமான உடல்நலப் பரிசோதனையின் எண் 715. அதனால் ஊர்ப் பேச்சிலும் கிளினிக் சுவரொட்டியிலும் அதன் பெயரே '715' தான்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1999இல் 55 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் தொடங்கினார்கள். மற்றவர்களைவிட இந்த மக்களுக்கு நாள்பட்ட நோய்கள் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகின்றன என்பதால் அந்த வயது வைக்கப்பட்டது. 2004இல் 15 முதல் 54 வயதுக்காரர்களுக்கும், 2006இல் குழந்தைகளுக்கும் தனித்தனி எண்களோடு விரித்தார்கள். 2010 மே மாதம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 715 என்று ஆக்கினார்கள். ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம், வயது வரம்பு கிடையாது.

ஒரு 715 நடக்கும் விதம் பெரும்பாலும் இப்படித்தான். முதலில் செவிலியரோ பூர்வகுடி சுகாதாரப் பணியாளரோ உட்கார வைத்துப் பேசுவார். உயரம், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம் பார்ப்பார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் கேட்பார், ஏனென்றால் அதில் புரதம் கசிகிறதா என்பதுதான் சிறுநீரகம் கெடத் தொடங்கியிருப்பதன் முதல் தடயங்களில் ஒன்று. குழந்தை என்றால் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள். நடுக்காதுச் சீழ் அங்கே அவ்வளவு பரவலாக இருக்கிறது, அது கேட்கும் திறனைக் குறைத்து, பள்ளிக்கூடப் படிப்பையே கெடுத்துவிடுகிறது. பல், கண், தடுப்பூசி, புகைப்பழக்கம், தூக்கம், மனநிலை, வீட்டு நிலைமை எல்லாம் கேட்கப்படும். அதன் பிறகு மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுப்பார். ஒழுங்காகச் செய்தால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு மெடிக்கேர் கொடுப்பது 200 டாலருக்கு மேல்.

எதற்காக இத்தனை ஏற்பாடு என்று கேட்டால் ஒரே ஒரு கணக்கு போதும். 2020–2022 கணக்குப்படி பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுள் 71.9 ஆண்டு, பெண்களுக்கு 75.6. மற்ற ஆஸ்திரேலியர்களோடு உள்ள இடைவெளி ஆண்களுக்கு 8.8 ஆண்டு, பெண்களுக்கு 8.1 ஆண்டு. அந்த இடைவெளியைப் பெருக்குவதில் இதயநோய், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இவை எல்லாமே வலி தெரியும் முன்பே சோதனையில் தெரிந்துவிடக்கூடியவை.

விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. விகிதம் என்பது மேலே ஒரு எண், கீழே ஒரு எண்.

1. மேலே வருவது, அந்த ஆண்டில் யார் யாருக்காக மெடிக்கேரில் 715 கேட்டுப் பணம் பெறப்பட்டது என்ற எண்ணிக்கை. கவனியுங்கள், பரிசோதனை நடந்ததா என்பது இதில் எண்ணப்படுவதில்லை, பில் போடப்பட்டதா என்பதுதான் எண்ணப்படுகிறது. ஒரு மருத்துவர் எல்லாச் சோதனையையும் செய்துவிட்டு அதைச் சாதாரண நீண்ட ஆலோசனை என்ற எண்ணில் பதிந்துவிட்டால், அரசுக் கணக்கில் அந்த நோயாளி 715 செய்யாதவர்.

2. கீழே வருவது, அந்தப் பகுதியில் வாழும் பூர்வகுடி மக்கள்தொகை. இது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து மதிப்பிடப்படுவது.

3. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன. கணக்கெடுப்பில் ஒருவர் தன்னைப் பூர்வகுடி என்று பதிகிறார், ஆனால் அவருடைய கிளினிக்கில் அந்த விவரமே இல்லாமல் இருக்கலாம். அவர் கீழே எண்ணப்படுவார், மேலே வரவே வாய்ப்பில்லை.

இந்த மூன்றாவது விஷயம் சின்னதில்லை. 2016 கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடி என்று பதிந்தவர்கள் சுமார் 6.49 லட்சம் பேர். 2021இல் அது 8.12 லட்சம் ஆனது. ஐந்தே ஆண்டில் 25% உயர்வு. பிறப்பால் மட்டும் இவ்வளவு கூடாது. உயர்வில் பாதிக்கும் மேல், முன்பு அப்படிப் பதியாதவர்கள் இந்த முறை பதிந்ததால் வந்தது. தலைமுறைகளாக மறைத்து வைக்க வேண்டியிருந்த ஒரு அடையாளத்தை மக்கள் வெளிப்படையாகச் சொல்ல முன்வருவது நல்ல விஷயம். ஆனால் விகிதத்தில் அது என்ன செய்யும்? ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். பூர்வகுடிகள் 1,000 பேர், பரிசோதனை செய்தவர்கள் 300 பேர், விகிதம் 30%. அடுத்த கணக்கெடுப்பில் 1,250 பேர், பரிசோதனை 330. முன்பைவிட 30 பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள், விகிதமோ 26.4% என்று இறங்கிவிடும். செய்தியில் 'சரிவு' என்றுதான் வரும்.

இந்த மக்கள்தொகை உயர்வு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. விக்டோரியாவில் சுமார் 37%, நார்தர்ன் டெரிட்டரியில் சுமார் 5%. ஆகவே தெற்கு மாநிலங்களின் விகிதம் குறைவாகத் தெரிவதில் கொஞ்சம் இந்தக் கீழ் எண்ணின் வேலை. ஆனால் இதை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. குவீன்ஸ்லாந்திலும் அதே ஐந்து ஆண்டில் 27% உயர்ந்தது, அப்படியும் அது பட்டியலின் உச்சியில் இருக்கிறது. எனவே வேறு காரணம் இருக்க வேண்டும்.

வரைபடம் காட்டுவது

நாடு முழுவதற்கும் பார்த்தால் 2010–11இல் பூர்வகுடிகளில் சுமார் 11% பேர்தான் பரிசோதனை செய்துகொண்டார்கள். 2018–19க்குள் அது 30%ஐ நெருங்கியது. எட்டே ஆண்டில் இவ்வளவு ஏறியது உண்மையான சாதனை, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிறகு கோவிட் வந்தது, ஏற்றம் நின்று லேசாக இறங்கியது. 2015இல் அரசு வெளியிட்ட செயல்திட்டம் 2023க்குள் 55 வயதைக் கடந்தவர்களில் 74%, நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் 69% என்று இலக்கு வைத்திருந்தது. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

வயதும் பாலும் ஒரு பக்கம் வேலை செய்கின்றன. முதியவர்கள் அதிகம் வருகிறார்கள், பெண்கள் ஆண்களைவிட அதிகம் வருகிறார்கள், இளம் ஆண்கள்தான் மிகக் குறைவு. ஆனால் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது. மாநிலங்களில் குவீன்ஸ்லாந்தும் நார்தர்ன் டெரிட்டரியும் மேலே, டாஸ்மேனியா அடியில், விக்டோரியாவும் கீழ்ப்பக்கம். பெருநகரம், வட்டார நகரம், தொலைதூரப் பகுதி என்று பிரித்தால் பெருநகரங்கள் பின்தங்குகின்றன.

பூர்வகுடிகள் என்றதும் பாலைவனமும் செம்மண்ணும் நினைவுக்கு வருகின்றன. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களையும் சேர்த்துப் போட்ட 2021 மதிப்பீட்டின்படி 9.84 லட்சம் பேரில் சுமார் 41% பேர் பெருநகரங்களில் வாழ்கிறார்கள். தொலைதூரப் பகுதிகளிலும் மிகத் தொலைதூரப் பகுதிகளிலும் சேர்த்து 15% பேர்தான். ஆகவே நகரத்தில் விகிதம் குறைவு என்றால், தலைக்கணக்கில் விடுபடுகிறவர்கள் மிக அதிகம்.

வித்தியாசத்துக்கு என்ன காரணம்?

1. யார் நடத்தும் கிளினிக்

இதுதான் முதல் காரணம், எல்லாவற்றிலும் பெரியது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்கள் தாங்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்தும் மருத்துவ மையங்கள் இருக்கின்றன. சமூகத்தின் கையில் உள்ள மையங்கள் என்று சொல்லலாம். முதலாவது 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கியது. 1973இல் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராயிலும், 1975இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் வந்தன. இன்று நாடு முழுக்க 140க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. இந்த மையத்துக்குள் நுழைகிறவரிடம் 715 பற்றி யாராவது பேசாமல் இருப்பதுதான் அபூர்வம். வேலை செய்பவர்களில் பலர் அதே சமூகம், சொந்தக்காரர்களாகக்கூட இருப்பார்கள். வண்டி அனுப்பி வீட்டிலிருந்து கூட்டிவருவார்கள்.

தொலைதூர ஊர் ஒன்றில் மருத்துவம் பார்க்க இருப்பது ஒரே ஒரு கிளினிக், வருகிறவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிகள். அங்கே 715 செய்வது அன்றாட வேலை. நகரத்தில் அப்படியில்லை. மேற்கு சிட்னியில் ஒரு குடும்பம் வீட்டுக்கு அருகில் உள்ள ஏதாவது ஒரு தனியார் ஜி.பி.யிடம், அதாவது பொது மருத்துவரிடம், போகும். அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் பூர்வகுடிகளாக இருப்பார்கள், அவர்கள் யார் என்றே அவருக்குத் தெரியாது. பாலைவனத்தில் அதிகம், நகரத்தில் குறைவு என்ற புதிருக்கு முக்கால்வாசி விடை இதுதான்.

2. வரவேற்பு மேசையில் கேட்கப்படாத ஒரு கேள்வி

'நீங்கள் அபோரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவு வம்சாவளியைச் சேர்ந்தவரா?' இந்தக் கேள்வியைப் புதிதாக வரும் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது நடைமுறை. விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது? பழைய படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. இருந்தாலும் காலியாக விட்டால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வெளிறிய தோல், பழுப்புத் தலைமுடி உள்ள ஒருவர் மேசைக்கு முன் நின்றால், இவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று வரவேற்பாளரே முடிவுசெய்துவிடுகிறார். சிலர் கேட்டால் மனம் புண்படுமோ என்று தயங்குகிறார்கள். அந்தக் கட்டம் நிரப்பப்படாவிட்டால் கணினியில் 715 நினைவூட்டலே வராது.

மறுபக்கத் தயக்கமும் உண்டு, அதற்கு வலுவான காரணமும் உண்டு. அரசு ஆட்கள் வீடு தேடி வந்து பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போன கொள்கை 1970கள் வரை நடந்தது. பிரசவ ஆஸ்பத்திரியிலேயே குழந்தையை இழந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அதையெல்லாம் பதிவு செய்தது, 2008இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தப் பாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வீட்டு நிலைமை பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் கேள்வி கேட்கத் தொடங்கினால், அந்தக் குடும்பம் வாயை மூடிக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? இதை 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதுவது அநியாயம்.

3. நேரமும் பணமும்

ஒரு மணி நேரம் ஒரே நோயாளியோடு இருக்க, பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று ஓடும் கிளினிக்கால் முடியாது. செவிலியர் பாதி வேலையை எடுத்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். செவிலியர் இல்லாத சிறிய கிளினிக்கில் 715 தள்ளித் தள்ளிப் போகும்.

4. பில் போடும் அனுமதி

நார்தர்ன் டெரிட்டரியிலும் வட குவீன்ஸ்லாந்திலும் பல ஊர்களில் கிளினிக்கை மாநில அரசோ டெரிட்டரி அரசோ நடத்துகிறது. பொதுவாக ஒரு அரசு பணம் கொடுத்து நடத்தும் சேவைக்கு மெடிக்கேரிலும் பணம் கேட்க முடியாது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 19(2) பிரிவின் கீழ் விலக்கு வாங்கிய இடங்களில் மட்டும் முடியும். விலக்கு இருந்து, பில் வேலையைக் கவனிக்க ஒரு ஆளும் இருந்தால் அந்த ஊரின் எண் ஏறும். ஆள் வேலையை விட்டுப் போனால், அதே பரிசோதனை அதே மாதிரி நடந்தாலும் எண் இறங்கும்.

5. ஆட்கள் நிற்பதில்லை

நார்தர்ன் டெரிட்டரியின் தொலைதூர கிளினிக்குகளில் செவிலியர்கள், பூர்வகுடி சுகாதாரப் பணியாளர்கள் மாறும் வேகம் ஆண்டுக்கு 100%க்கும் மேல் என்று 2017இல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. ஓர் ஆண்டுக்குள் முழுக் குழுவும் ஒருமுறை மாறி, அதற்கு மேலும் ஆட்கள் மாறுகிறார்கள் என்று அர்த்தம். போன மாதம் தன் கவலையை ஒரு செவிலியரிடம் சொன்ன பெண், இந்த மாதம் போனால் புதுமுகத்திடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த நிலையிலும் அங்கே விகிதம் நகரத்தைவிட அதிகமாக இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இங்கே நம் ஆட்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு ஆஸ்திரேலியா போகும் மருத்துவர்கள், பொதுவாக 10 ஆண்டுகள் வரை மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களில் வேலை பார்த்தால்தான் மெடிக்கேரில் பணம் பெற முடியும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன மருத்துவர்கள் பலர் இப்படித்தான் நாட்டுப்புற ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் மேசைக்கு முன் வந்து உட்காருகிறவர்களில் பூர்வகுடிகள் நிறையவே உண்டு. அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும்.

நகரத்திலும் முடியும்: பிரிஸ்பேனில் நடந்தது

நகரம் என்றாலே குறைவு என்பது விதியானால் குவீன்ஸ்லாந்து மேலே வந்திருக்க முடியாது. அந்த மாநிலத்தின் பூர்வகுடிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் பிரிஸ்பேனும் அதைச் சுற்றியுள்ள தென்கிழக்கு மூலையிலும்தான் இருக்கிறார்கள். ஆகவே அங்கே என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிரிஸ்பேனின் இனாலா புறநகரில் பூர்வகுடிகள் நிறைய வாழ்கிறார்கள். 1990களின் நடுவில் அங்கிருந்த அரசு சுகாதார மையத்தின் பொது மருத்துவப் பிரிவுக்கு வந்த பூர்வகுடி நோயாளிகள் 12 பேர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சுற்றி இருக்கும்போது வெறும் 12 பேர். நோயல் ஹேமன் அங்கே பொறுப்பேற்றார். அவரே பூர்வகுடி, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்த முதல் பூர்வகுடிகளில் ஒருவர். ஏன் வருவதில்லை என்று சமூகத்தையே கேட்டார்கள். வந்த பதில்கள் மருத்துவத்தைப் பற்றியே இல்லை. உள்ளே தங்களவர் ஒருவரும் வேலை செய்யவில்லை. காத்திருக்கும் அறையில் தங்களுடையது என்று சொல்ல ஒரு படம்கூட இல்லை. ஊழியர்கள் சிரித்துப் பேசுவதில்லை. நேரம் தவறினால் பார்ப்பதில்லை. குழந்தைகள் ஓடியாடினால் முகம் சுளிக்கிறார்கள்.

அதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பூர்வகுடி ஊழியர்களை வேலைக்கு எடுத்தார்கள், காத்திருப்பு அறையில் பூர்வகுடி ஓவியங்களை மாட்டினார்கள், ஊழியர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள், சமூகத்துக்குள் போய்ப் பேசினார்கள். 2008 வாக்கில் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதே புறநகர், அதே மக்கள், நோய்களும் அதே. மாறியது கிளினிக் மட்டும்தான்.

2009இல் அடுத்த கட்டம் வந்தது. தென்கிழக்கு குவீன்ஸ்லாந்தின் நான்கு சமூக மையங்கள் கைகோத்து, நகர்ப்புறப் பூர்வகுடி சுகாதாரக் கழகம் என்ற பொது அமைப்பை உருவாக்கின. சுருக்கமாக ஐ.யூ.ஐ.எச். மக்கள் எந்தெந்தப் புறநகரில் இருக்கிறார்கள் என்று பார்த்து அங்கே கிளினிக் திறந்தார்கள். 715இல் வரும் மெடிக்கேர் பணத்தை அடுத்த கிளினிக்குக்குப் போட்டார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறாக இருந்த பரிசோதனைகள் பத்து ஆண்டுக்குள் பல்லாயிரமாகின.

அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 'டெட்லி சாய்சஸ்' (பூர்வகுடிகளின் பேச்சில் 'அருமையான தேர்வுகள்') என்று ஒரு இயக்கம் தொடங்கி, 715 முடித்தவர்களுக்கு ஒரு சட்டை கொடுத்தார்கள். பிரிஸ்பேன் பிராங்கோஸ் ரக்பி அணியோடு சேர்ந்து வடிவமைத்த, பூர்வகுடி ஓவியம் போட்ட ஜெர்சி. கடையில் விலைக்குக் கிடைக்காது. பரிசோதனை செய்தால்தான் கிடைக்கும். ஸ்டீவ் ரெனூஃப், பிரெஸ்டன் கேம்ப்பெல் போன்ற பூர்வகுடி ரக்பி வீரர்கள் தூதர்களாக வந்து பேசினார்கள். எந்த வயதினர் கிளினிக் பக்கமே வருவதில்லையோ அந்த இளைஞர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள், பார்த்த நண்பன் எங்கே வாங்கினாய் என்று கேட்டான், அடுத்த வாரம் அவனும் கிளினிக்கில் இருந்தான். ஆண்டுக்கு ஆண்டு புது வடிவம் வரும், ஆகவே அடுத்த ஆண்டும் வருவான்.

சட்டைக்காகப் பரிசோதனையா என்று கேட்கிறவர்கள் உண்டு. சட்டைக்காக வந்தவனுக்கும் ரத்த அழுத்தம் அதே கருவியில்தான் பார்க்கப்படுகிறது.

டாஸ்மேனியா, விக்டோரியா

இங்கே நிலைமை வேறு. டாஸ்மேனியாவில் பூர்வகுடிகள் சுமார் 30,000 பேர், ஒரே இடத்தில் குவிந்தில்லாமல் தீவெங்கும் பரவி வாழ்கிறார்கள். சமூக மையங்கள் சில மட்டுமே. பெரும்பாலோர் போவது சாதாரண ஜி.பி.யிடம், ஜி.பி.க்களே போதவில்லை. மேலே சொன்ன முதல் இரண்டு காரணங்களும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. விக்டோரியாவிலும் மக்கள் பரந்து கிடக்கிறார்கள், தெருவில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியாது, கேட்டால்தான் தெரியும். அதனால் அந்த மாநிலங்களுக்கு பிரிஸ்பேன் மாதிரியை அப்படியே தூக்கி வைக்க முடியாது. சமூக மையம் எட்டாத இடத்தில் சாதாரண கிளினிக்கின் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். 2010 முதல் மத்திய அரசு அப்படிப்பட்ட கிளினிக்குகளுக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறது, பூர்வகுடி நோயாளிகளின் மருந்து விலையையும் குறைத்தது. பதிவு செய்த கிளினிக்குகள் நிறைய. ஆனால் பதிவு செய்வதும் கேள்வி கேட்பதும் ஒன்றில்லை.

விகிதம் உயர்ந்தால் உடல்நலம் உயருமா?

தானாக உயராது. வரைபடத்தில் அடர்ந்த நிறத்தில் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரியில்தான் பூர்வகுடிகளின் ஆயுள் மிகக் குறைவான இடங்கள் இருக்கின்றன. பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்கும், குணப்படுத்தாது. கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் என்று ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு என்று பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். தெரியாமல் விட்டால் டயாலிசிஸ். கின்டோர் என்ற பாலைவன ஊரிலிருந்து டயாலிசிஸுக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது, சுமார் 500 கி.மீ. தூரம், வாரத்துக்கு மூன்று முறை சிகிச்சை என்பதால் திரும்பிப் போகவே முடியாது. பெரியவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய், சொந்த மண்ணைப் பார்க்காமலே இறந்தார்கள். 2000இல் அந்த மக்கள் தங்கள் ஓவியங்களை ஏலம் விட்டு பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டி, 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கினார்கள். ஒரு டப்பா சிறுநீரைச் சரியான வயதில் சோதிப்பதன் மதிப்பு அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

715 முடித்தவருக்கு அடுத்தகட்ட உதவிகளும் உண்டு. ஆண்டுக்கு 10 முறை வரை செவிலியரோ பூர்வகுடி சுகாதாரப் பணியாளரோ தொடர்ந்து பார்க்கலாம், அதற்கும் மெடிக்கேர் பணம் தரும். உணவு ஆலோசகர், பாத மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களிடமும் மெடிக்கேர் செலவில் போகலாம். ஆனால் 2010களின் இறுதி வரையிலான கணக்கைப் பார்த்தால், பரிசோதனை முடித்தவர்களில் ஓர் ஆண்டுக்குள் இப்படி ஒரு ஃபாலோ-அப்பாவது கிடைத்தவர்கள் பாதியை எட்டவில்லை. இங்கேயும் இடத்துக்கு இடம் மாற்றம் இருக்கிறது, காரணங்களும் வேறு. சிறிய ஊரில் பாத மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருகிறார், அன்றைக்கு ஊரில் ஒரு இறப்பு என்றால் கிளினிக் மூடியிருக்கும், அடுத்த வாய்ப்பு அடுத்த மாதம்தான். நகரத்தில் பாத மருத்துவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், ஆனால் மெடிக்கேர் கொடுப்பது போக மீதியைக் கையிலிருந்து கேட்கிறார்.

எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் வரும் ஆபத்தும் இதுதான். பணம் கிடைக்கிறது என்பதற்காக வந்து, பத்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பி, பில் போட்டுவிட்டுப் போகும் நடமாடும் சேவைகள் பற்றிச் சமூக மையங்கள் புகார் சொல்கின்றன. அப்படி ஒருவர் வந்து போய்விட்டால் ஒன்பது மாதத்துக்கு மறுபடி 715 போட முடியாது. அந்த மனிதரைப் பல வருடமாகத் தெரிந்த சொந்த கிளினிக், ஒழுங்கான பரிசோதனைக்கு அவரை உட்கார வைக்கும்போது மெடிக்கேர் மறுத்துவிடுகிறது. வரைபடத்திலோ அந்த ஊரின் நிறம் அடர்த்தியாகத்தான் தெரியும்.

ஆகவே மாநில வாரியான 715 விகிதத்தைத் தனியாக வெளியிடுவது போதாது என்பது என் கருத்து. ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்திலேயே இரண்டு எண்களைப் போட வேண்டும். ஒன்று, அங்கே நடந்த பரிசோதனைகளில் எத்தனை சமூக மையத்தில் நடந்தன, எத்தனை சாதாரண ஜி.பி.யிடம் நடந்தன. இன்னொன்று, பரிசோதனை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்துக்குள் ஃபாலோ-அப் கிடைத்தது. முதல் எண் பணத்தை எங்கே போட வேண்டும் என்று காட்டும், இரண்டாவது எண் போட்ட பணம் நோயாளியிடம் போய்ச் சேர்ந்ததா என்று காட்டும். இரண்டையும் கணக்கிடத் தேவையான விவரம் மெடிக்கேர் பில்களிலும் சமூக மையங்கள் அரசுக்கு அனுப்பும் அறிக்கைகளிலும் ஏற்கெனவே இருக்கிறது.